கடைசிப் பத்தடி: நுவரெலியாப் பங்களா ஒன்றில் பிரெஞ்சு சிவப்பு வைன்

பிரான்சின் நல்ல சிவப்பு வைனை மின்சாரத்தின் தயவில்லாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கவும், அதற்குரிய சூட்டிலேயே மேசைக்குக் கொண்டுவரவும் இலங்கையில் ஓர் இடம் இருக்குமானால், அது நுவரெலியாவும் அதைச் சுற்றிய மலைகளும்தான். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலிருக்கும் இந்த ஊரில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. வருடத் தொடக்கத்து விடியற்காலைகளில் புல்வெளியில் உறைபனி படிவதும் உண்டு. கொழும்பில் ஒரு நல்ல போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினால், அடுத்த வருடம் திறக்கும்போது அதில் வைன் இருக்கும், அதன் குணம் இருக்காது. அப்படியிருந்தும் மலையகத்து ஹோட்டல்களில் பெரும்பாலானவை வைனை விஸ்கிப் போத்தல்களுக்குப் பக்கத்தில், மின்விளக்கின் அடியில், கண்காட்சிக்கு வைத்தது போல நிறுத்தி வைத்திருக்கின்றன. ஆகவே ஏரிக்கு மேலே, தேயிலை மலைகளுக்கு நடுவில், பழைய துரை பங்களாவொன்றை விருந்தகமாக மாற்றி நடத்துபவர்கள் பிரெஞ்சு வைனுக்கென்றே நிலவறையும் தனிப்பட்டியலும் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போய்ப் பார்க்கத் தோன்றியது.

குறைகளையும் எழுதவேண்டியிருப்பதால் விருந்தகத்தின் பெயரைத் தவிர்த்துக்கொள்கிறேன். நல்லதை எழுதும்போது பெயர் போடுவதும் குறையை எழுதும்போது மறைப்பதும் நியாயமில்லை என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் இங்கே இரண்டும் ஒரே மேசையில் கலந்து கிடக்கின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வைனை வாங்கி வைத்திருக்கும் முறையில் இந்த விருந்தகத்தாரிடம் குறை காண்பது கடினம், நிலவறையிலிருந்து மேசைக்கு வரும் கடைசிப் பத்தடியில்தான் காரியம் கெடுகிறது.

நிலவறை என்பது உண்மையில் பங்களாவின் பின்புறச் சரிவில், சமையலறைக்குக் கீழே, வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் உருளைக்கிழங்கும் விறகும் போட்டு வைத்த களஞ்சிய அறை. கருங்கல் சுவர், ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. சன்னல் கிடையாது. கேட்டுக்கொண்டதும் முகாமையாளர் தயங்காமல் அழைத்துச் சென்று காட்டினார். சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி 15 பாகையைக் காட்டியது; பகலுக்கும் இரவுக்கும் ஒரு பாகைக்கு மேல் அது அசைவதில்லை என்றார். வைன் வைப்பதற்கு 10 முதல் 14 பாகை வரை உகந்ததென்பது பொதுவான கணக்கு. ஆனால் ஒரு பாகை கூடக்குறைய இருப்பதைவிட, ஏறி இறங்காமல் ஒரே நிலையில் இருப்பதுதான் முக்கியம். போத்தல்கள் படுக்கவைக்கப்பட்டிருந்தன. தக்கை எந்நேரமும் வைனில் நனைந்திருந்தால்தான் சுருங்காது. சுருங்கினால் காற்று புகும். மின்குமிழ் ஒன்றேயொன்று, அதுவும் ஆள் உள்ளே போனால் மட்டும் எரிவது. மலையின் ஈரம் அந்த அறைக்குள்ளும் இருப்பதால் சில போத்தல்களின் லேபல்களில் சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அதைப் பார்த்து முகம் சுளிக்கத் தேவையில்லை. ஈரப்பதன் லேபலைத்தான் கெடுக்கும், தக்கைக்கோ அது நல்லது. வறண்ட அறையில் பளபளவென்று இருக்கும் லேபலைவிட, எழுத்து மங்கிய இந்த லேபலையே நான் நம்புவேன்.

மேலே கொண்டுவரும் பயணத்தைப் பற்றியும் கேட்டேன். நிலவறை எவ்வளவு நன்றாயிருந்தாலும், கொழும்புத் துறைமுகத்தில் வெயிலில் கிடந்த கொள்கலனுக்கும், அவிசாவளை வழியாக நண்பகலில் ஏறிவரும் லொறிக்கும் அது பரிகாரம் ஆகாது. வெப்பம் பத்துப் பாகை கூடினால் இரசாயன மாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த விதி. வைனைப் பொறுத்தமட்டில் வேகம் மட்டுமல்ல, மாற்றத்தின் தன்மையே வேறாகிவிடும். பழத்தின் வாசனை போய், கொதிக்கவைத்த ஜாமின் வாசனை வந்துவிடும். குளிரூட்டிய வாகனத்தில் இரவிலேயே ஏற்றுவதாக முகாமையாளர் சொன்னார். சொல்வதை அப்படியே ஏற்கவேண்டியதில்லை, போத்தலே சாட்சி சொல்லும். சூடு பட்ட போத்தலில் வைன் விரிந்து தக்கையை மேலே தள்ளியிருக்கும். மேலுறையின் அடியில் ஒட்டும் பிசுபிசுப்பு இருக்கும். வைனின் மட்டம் கழுத்தைவிட்டுத் தோள்வரை இறங்கியிருக்கும். நான் கையிலெடுத்துப் பார்த்தவற்றில் இந்த மூன்று அடையாளமும் இல்லை. இருபது வயதை எட்டிய போத்தல்களில்கூட மட்டம் கழுத்தின் அடியிலேயே நின்றது.

பட்டியலுக்கு வருவோம். பிரான்சின் வைன் பிரதேசங்களில் முக்கால் பங்கு போர்தோ, மீதியில் கொஞ்சம் பர்கண்டி, கொஞ்சம் ரோன் பள்ளத்தாக்கு. போர்தோப் பக்கத்தில் ஜிரோந்து கழிமுகத்தின் இடக்கரையிலுள்ள மெடொக் ஊர்கள்தான் அதிகம். அந்தப் பக்கத்துச் சரளை நிலத்தில் கபர்னே சோவிஞ்ஞோன் திராட்சை நன்றாக முதிரும். தோல் தடித்தது, துவர்ப்பைத் தரும் தனின் நிறைந்தது, நெடுங்காலம் நிற்கக்கூடியது. வலக்கரையின் செந்த்-எமிலியோனிலும் பொமரோலிலும் களிமண் கூடுதலாக இருப்பதால் மெர்லோ முன்னுக்கு நிற்கிறது. அது மென்மையானது, சற்று முந்தியே குடிக்கத் தயாராவது. பட்டியலைத் தயாரித்தவருக்கு இது தெரிந்திருக்கிறது. ஆனால் 1855இல் மூன்றாம் நெப்போலியன் பரிஸ் கண்காட்சிக்காகக் கேட்டுச் செய்வித்த தரப்படுத்தலை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருப்பது சிக்கல். மெடொக்கின் தோட்டங்களையும் கிராவ் பகுதியிலிருந்து ஓ-பிரியோனையும் ஐந்து தரமாகப் பிரித்த அந்தப் பட்டியலில், சிவப்பு வைனைப் பொறுத்தமட்டில் குறிப்பிடத்தக்க ஒரேயொரு பதவி உயர்வு 1973இல் மூத்தோன் ரோத்ஷில்டுக்கு இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்குக் கிடைத்ததுதான். அன்றைய சந்தை விலையை வைத்துப் போட்ட கணக்கு அது. இன்றைக்கு ஐந்தாம் தரத்துத் தோட்டம் ஒன்று மூன்றாம் தரத்ததைவிட நல்ல வைனைத் தரலாம், தருகிறது. தரத்தைத் தடித்த எழுத்தில் போட்டவர்கள் சில வரிகளில் விளைச்சல் ஆண்டைப் போட மறந்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போர்தோவில் ஆண்டு இல்லாத பெயர் பாதிப் பெயர். 2005, 2010, 2016 ஆகியவை நீண்ட காலம் வைக்கத் தகுந்த ஆண்டுகள். 2013இன் மழையிலும் குளிரிலும் சரியாக முதிராத திராட்சையிலிருந்து வந்த போத்தலை அதே விலை கொடுத்து வாங்க எவரும் விரும்பமாட்டார். நுவரெலியாத் தேயிலைக்கு வருடத் தொடக்கத்து வறண்ட காற்று தரும் குணத்தை அறிந்தவர்களுக்கு, ஒரே தோட்டத்துச் சரக்கு காலத்துக்குக் காலம் மாறுவதை விளக்கத் தேவையில்லை.

பட்டியலின் முன்பக்கத்தில் பங்களாவின் வரலாறு இருக்கிறது, கோப்பிக் காலத்திலிருந்து. வைனோடு அதற்கொரு தொடர்பு உண்டென்பதை எழுதியவர் கவனிக்கவில்லை. 1869இல் கோப்பி இலைத் துரு நோய் இலங்கையில் தென்பட்டு மலையகத்துக் கோப்பியை அழிக்கத் தொடங்கிய அதே காலத்தில்தான், பிரான்சின் திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்னும் பிலொக்ஸெரா என்ற பூச்சி அங்கே பரவிக்கொண்டிருந்தது. அவர்கள் அமெரிக்கக் கொடியின் வேரில் தங்கள் கொடியை ஒட்டுக்கட்டி அதே பயிரைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இங்கே பயிரே மாறியது. கோப்பிக்கென்று வந்து கொத்துக்கொத்தாய் மாண்ட எங்கள் முன்னோரின் பிள்ளைகள் தேயிலைக்கு நின்றார்கள். ஒரு பங்களாவின் வைன் பட்டியலில் இதையெல்லாம் எதிர்பார்க்கக்கூடாதுதான்.

நாங்கள் இரண்டு போத்தல் சொல்லியிருந்தோம்: மெடொக்கிலுள்ள போயாக் ஊரின் 2005 ஒன்று, அதே பக்கத்து ஓ-மெடொக் 2015 ஒன்று. பழைய போத்தலை முதல் நாளே நிமிர்த்தி வைத்துவிடும்படி தொலைபேசியில் கேட்டிருந்தேன். படுத்திருந்த போத்தலின் மண்டி அடிக்கு இறங்க ஒரு நாளாவது வேண்டும். சொன்னபடி செய்திருந்தார்கள். பரிசில் நீண்ட காலம் உணவகச் சமையலறைகளில் வேலை செய்து, இப்போது விடுமுறைக்கு ஹற்றன் வந்திருக்கும் என் மைத்துனரும் கூட வந்திருந்தார். என் பங்குக்கு, தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்ற நாக்கு இருந்தது.

போத்தலைத் திறந்து, டிகாண்டர் என்ற கண்ணாடிக் குடுவைக்குள் மண்டி விழாமல் வைனை இறுத்த அந்த இளைஞரின் கைதான் இந்த விருந்தகத்தின் சிறந்த பகுதி. மேலுறையைக் கழுத்தின் கீழ் விளிம்பில் சுற்றி வெட்டினார். தக்கையின் மேலிருந்த கறுப்புப் பூஞ்சணத்தைத் துணியால் துடைத்தார். தக்கைத் திருகியை அடிவரை இறக்காமல் நிறுத்தி, சத்தம் வராமல் உருவியெடுத்தார். தக்கையின் அடிப்பாகம் மட்டும் கருஞ்சிவப்பாக ஊறியிருந்தது, பக்கங்களில் வைன் ஏறிய கோடு இல்லை. பிறகு மெழுகுதிரியை ஏற்றி, போத்தலின் தோளுக்குக் கீழே சுடர் தெரியும்படி வைத்துக்கொண்டு, மற்றக் கையிலிருந்த டிகாண்டரின் உட்சுவரோடு வைன் வழிந்திறங்குமாறு ஊற்றினார். இடையில் நிறுத்தவில்லை; நிறுத்தினால் போத்தலுக்குள் வைன் பின்வாங்கி மண்டியைக் கலக்கிவிடும். சுடரின் முன்னால் முதல் கறுப்புத் துணுக்குகள் தோளை எட்டியதும் மணிக்கட்டு தானாக நிமிர்ந்தது. போத்தலில் இரண்டு விரல் வைன் மிஞ்சியது. அந்த மண்டி அழுக்கல்ல. ஆண்டுகள் போகப்போகத் தனினும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகி, கரைந்திருக்க முடியாமல் படிந்தவை. வாயில் பட்டால் கசக்கும் என்பதால்தான் விலக்குகிறோம்.

இவ்வளவும் செய்த அதே இளைஞர், நிறைந்த டிகாண்டரைத் தூக்கிக்கொண்டு நேரே கணப்பை நோக்கி நடந்தார்.

“தம்பி, அத எங்க கொண்டு போறீங்க?” என்றேன்.

“குளிரா இருக்கு சேர். கணப்புக்கு மேல கொஞ்ச நேரம் வச்சு எடுத்துட்டு வாரேன். எல்லாருக்கும் அப்பிடித்தான் வைப்போம்.”

“வேணாம். இந்த மேசையிலேயே வைங்க. அது தானா வரும்.”

தயங்கித்தான் வைத்தார். அவரைக் குறைசொல்ல முடியாது. சிவப்பு வைனை அறையின் சூட்டில் பரிமாறவேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த விதி பிறந்தது நீர்க்குழாய் வைத்து வீட்டைச் சூடாக்கும் வழக்கம் வருமுன், 17 பாகைக்கு மேல் ஏறாத ஐரோப்பிய வீடுகளில். நிலவறையின் 12 பாகையிலிருந்து வந்த போத்தல் அந்த அறையில் சில மணித்தியாலம் இருந்து நாலைந்து பாகை ஏறுவதைத்தான் விதி சொன்னது. நுவரெலியாவில் கணப்புக்கு எட்டி நிற்கும் எந்த மேசையும் மாலையில் ஏறக்குறைய அதே சூட்டில்தான் இருக்கும். விதியைப் பின்பற்ற எதுவும் செய்யாமல் இருந்தால் போதும். கணப்பின் மேலிருக்கும் கல்லோ தொட்டாலே சுடுகிறது. 20 பாகையைத் தாண்டியதும் மதுசாரம் மூக்கில் ஏறி மற்ற வாசனைகளை மூடிவிடும். வைன் தளர்ந்து, அதன் புளிப்பும் துவர்ப்பும் பிரிந்து நிற்கும். இருபது வருடம் 15 பாகையில் காத்து வைத்ததைப் பத்து நிமிடத்தில் 25க்கு ஏற்றுவதை என்னவென்று சொல்வது! கணப்பருகே இருந்த மற்ற மேசைகளில் டிகாண்டர்கள் வரிசையாக அப்படித்தான் வெந்துகொண்டிருந்தன. போர்தோவுக்கு 16 முதல் 18 பாகை, பர்கண்டிக்கு 14 முதல் 16, போஜொலே என்ற இலேசான சிவப்பு வைனுக்கு அதற்கும் குறைவு: இதை ஒரு தாளில் எழுதிக் களஞ்சியக் கதவில் ஒட்டினால் இந்த விருந்தகத்தின் பாதிக் குறை தீரும்.

போயாக்கின் நிறம் நடுவில் இன்னும் கருஞ்சிவப்பு. கிளாஸைச் சாய்த்துப் பிடித்தால் விளிம்பு மட்டும் செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருந்தது. இளம் வைனின் ஊதாச் சாயல் எங்கும் இல்லை. முதல் மூச்சில் தேவதாரு மரமும் பென்சில் சீவிய தூளும், சற்றுப் பொறுத்துச் சுருட்டுப் பெட்டி, அதற்கடியில் கறுப்புப் பழங்கள். வாயில் வைத்ததும் எனக்குத் தொழிற்சாலையின் தேநீர் பார்க்கும் மேசைதான் நினைவுக்கு வந்தது. அங்கேயும் கரண்டியால் எடுத்து, காற்றோடு சேர்த்து உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்புகிறோம். இங்கேயும் அதுவே முறை. காற்று சேர்ந்தால்தான் வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். துவர்ப்பும் ஒரே உறவுக்காரர்தான்: தேயிலையிலும் திராட்சை விதையிலும் உள்ள கட்டெகின்கள் ஒரே குடும்பத்துப் பொருள்கள், இரண்டும் உமிழ்நீரின் புரதத்தைப் பிடித்திழுப்பதால்தான் வாய் வறண்டது போலாகிறது. தேயிலையில் உருட்டிய கொழுந்தை ஒன்றிரண்டு மணித்தியாலம் பரப்பி வைத்து ஒட்சிசன் செய்யும் வேலையை, வைனில் தக்கை வழியாகவும் தக்கையிலிருந்தும் வரும் சொற்பக் காற்று இருபது வருடம் எடுத்துச் செய்கிறது. லூயி பாஸ்டர் 1860களில் வைனை ஆராய்ந்தபோது முதிர்ச்சிக்குக் காரணம் ஒட்சிசன் என்று கண்டதும் இதைத்தான். கூடினால் கெடும், இல்லாவிட்டால் முதிராது. இந்தப் போத்தலில் துவர்ப்பு இன்னும் இருந்தது, ஆனால் உரசவில்லை; நாக்கின் இரு பக்கமும் மெல்லப் பிடித்துவிட்டு விட்டது. விழுங்கிய பிறகும் வாசனை நெடுநேரம் நின்றது. இன்னும் பத்து வருடம் இந்த நிலவறையில் கிடந்தாலும் தாங்கும் என்பது என் கணிப்பு. ஆனால் இப்போதே குடிப்பதில் பிழையில்லை.

ஓ-மெடொக் 2015 வேறு குணம். திறந்தவுடன் ஓக் பீப்பாயின் வனிலா வாசனையைத் தவிர எதுவும் வரவில்லை. மைத்துனர் ஒரு வாய் எடுத்துவிட்டுக் கிளாஸைத் தள்ளி வைத்தார்: “இது இன்னும் வாயே திறக்கல மச்சான். ஒரு மணித்தியாலம் சும்மா விடுங்க.” அதையும் டிகாண்டரில் ஊற்றி வைத்தோம். இளம் வைனை இப்படிக் காற்றாட விடுவதை போர்தோவின் புகழ்பெற்ற வைனியல் அறிஞர் எமில் பெய்னோ ஒத்துக்கொள்ளமாட்டார். மண்டி இருந்தால் மட்டும் இறுத்துங்கள், அதுவும் பரிமாறுவதற்குச் சற்று முன்னர் என்பதே அவருடைய கட்சி. பழைய போத்தலுக்கு அவர் சொன்னதே சரி. வயதான வைனின் வாசனை காற்றுப் பட்டால் எழும்பி, அதே வேகத்தில் போய்விடும்; எங்கள் போயாக்கில்கூடக் கடைசிக் கிளாஸ் முதல் கிளாஸை எட்டவில்லை. இளம் வைன் விடயத்தில் நான் மைத்துனரின் பக்கம். சாப்பாடு முடியும் தறுவாயில் ஓ-மெடொக்கில் பழத்தின் மணம் தெளிவாக எழுந்திருந்தது, முரட்டுத் துவர்ப்பும் ஓரளவு தணிந்திருந்தது.

சாப்பாட்டுப் பட்டியலை வைனோடு சேர்த்து யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. விருந்தகத்தின் பெருமை ஆட்டிறைச்சிக் கறி. மிளகாய் தாராளமாகப் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு வற்றவைத்தது. தனியே சாப்பிட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை. போயாக்கோடு அதைச் சேர்த்தபோது மிளகாயின் காரம் மதுசாரத்தையும் துவர்ப்பையும் கூர்மையாக்கி, இருபது வருடத்து நுட்பத்தை ஒரு கவளத்தில் துடைத்துவிட்டது. மிளகு போட்டு வாட்டிய ஆட்டுக்கால் ஒன்றும் பட்டியலில் உண்டு, அதைச் சொல்லுங்கள். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் தனினைத் தாங்கிக்கொள்ளும். பிளேன்டீயின் துவர்ப்பு பால் விட்டதும் அடங்குவதற்கும் காரணம் அதுவேதான், பாலிலுள்ள கேசீன் தனினைப் பிடித்துக்கொள்கிறது. மிளகாயை வைத்துக்கொண்டு வைனும் குடித்தே தீருவேன் என்பவர்களுக்கு, துவர்ப்புக் குறைந்த கமே திராட்சையின் போஜொலே ஏற்றது. விருந்தகத்தார் அதை இறக்குமதி செய்யாதது ஒரு குறை. இங்குள்ள பதினாறு பாகையில் அதைச் சற்றுக் குளிராகவே ஊற்றலாம், விலையும் அடக்கமாக இருக்கும்.

கிளாஸ் கணக்கில் விற்கும் வைனைத் தவிர்த்துவிடுங்கள். திறந்த போத்தலை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கேட்டதற்குத் தெளிவான பதில் வரவில்லை. மேசைக்கு வந்த மாதிரிக் கிளாஸில் பழம் போய், வெட்டி வைத்த அப்பிளின் மணம் ஏறியிருந்தது, அது காற்றின் வேலை. அந்தக் கிளாஸும் தடித்த விளிம்புள்ள சிறியது. விளிம்புவரை ஊற்றித் தந்தார்கள். போத்தல் வாங்குபவர்களுக்கு மட்டும் மெல்லிய, வயிறு அகன்று வாய் குறுகிய கிளாஸ் வருகிறது. மூன்றிலொரு பங்குக்கு மேல் ஊற்றக்கூடாதென்பதை அங்கே சரியாகச் செய்கிறார்கள். வாசனை தேங்கி நிற்க மீதி இடம் வேண்டும். பக்கத்து மேசையில் பர்கண்டி ஒன்று கணப்பின் மேலிருந்து இறங்கி வந்ததைப் பார்த்தேன். பர்கண்டியின் பினோ நுவார் திராட்சையின் வாசனை போர்தோவினதைவிட மெல்லியது, சூட்டை அது கொஞ்சமும் தாங்காது. இந்த விருந்தகத்தில் கணப்பு எரியும் மாலையில் பர்கண்டிக்குப் பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

தக்கைக் கேட்டைப் பற்றியும் கேட்டு வைத்தேன். தக்கையில் உருவாகும் டிரைகுளோரோ அனிசோல் என்ற பொருள் மிகமிகச் சொற்ப அளவில் கலந்தாலும், நனைந்த காகித அட்டையின் நாற்றம் வைன் முழுவதும் ஏறிவிடும். எவ்வளவு விலை கொடுத்தாலும் இதிலிருந்து தப்பும் உத்தரவாதம் கிடையாது. அப்படியொரு போத்தல் வந்தால் கேள்வி கேட்காமல் மாற்றித் தருவதாக முகாமையாளர் சொன்னார். ஆகவே முதலில் ஊற்றும் ஒரு வாயைச் சடங்காக எண்ணித் தலையாட்டாமல், மூக்கை வைத்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பிக் கொடுப்பது வேறு, கெட்டதைத் திருப்பிக் கொடுப்பது வேறு. இரண்டாவதற்குத் தயங்கத் தேவையில்லை.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. இறக்குமதித் தீர்வையும் மதுவரியும் சேர்ந்து எந்தப் பிரெஞ்சு வைனையும் இந்த நாட்டில் எட்டாக் கனியாக்கிவிட்டன. விருந்தகத்தின் இலாபம் அதற்கு மேல். பட்டியலின் மேல்வரிசைப் போத்தல் ஒன்றின் விலை, சன்னலுக்கு வெளியே கொழுந்து பறிப்பவரின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். இதை எழுதாமல் இந்த மலையில் வைனைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. கொடுக்கும் பணத்துக்குப் பெறுமதி தேடுபவர்கள் பெயர்பெற்ற தோட்டங்களை விட்டுவிட்டு, பட்டியலின் நடுப்பக்கத்திலுள்ள ஓ-மெடொக், செந்த்-எமிலியோன் வரிசைக்கு வரலாம்.

பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவந்த போத்தல் கையிலிருந்தால், திறப்புக் கட்டணம் வாங்கிக்கொண்டு அதையும் பரிமாறுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரையில் அந்த விலையில் இதைவிட நல்ல சேவை இங்கு இல்லை. பரிசிலிருந்து வரும் ஒவ்வொரு பயணப்பெட்டியிலும் ஒரு போர்தோ இருக்கும் குடும்பங்கள் இன்று மலையகத்திலும் உண்டு. ஆனால் விமானத்திலும் வளைவு வீதியிலும் குலுங்கிய பழைய போத்தலை வந்த அன்றே திறக்கவேண்டாம். ஒன்றிரண்டு கிழமை முன்கூட்டியே கொண்டுபோய்க் கொடுத்தால் தங்கள் நிலவறையில் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

பௌர்ணமி போயா தினங்களில் நாட்டின் மற்ற இடங்களைப் போலவே இங்கும் மதுபானம் கிடையாது. ஏப்ரல் வசந்த காலத்தில் மேசை கிடைப்பது கடினம், கூட்டத்தில் இறுத்துவதற்கு யாருக்கும் நேரமும் இராது. மேசை பதியும்போதே மூன்று விடயங்களைச் சொல்லிவிடுங்கள்: எந்தப் போத்தல், எந்த ஆண்டு என்பதைக் கேட்டு உறுதிசெய்து முதல் நாளே நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள், மிளகு போட்டு வாட்டிய ஆட்டுக்கால் வேண்டுமென்று சொல்லுங்கள், கணப்பிலிருந்து மிகத் தள்ளி, தோட்டத்துப் பக்கத்துச் சன்னலோர மேசையைக் கேளுங்கள். குளிருக்கு ஒரு சுவெட்டர் கொண்டு போனால் போதும்.